ராக்கெட்டின் முக்காடு

உஸ்தா ஃபரஹாத்துக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். காலையில் தள்ளுவண்டிக்காரன் மொச்சை மசியலை அள்ளிப் போட்டுவிட்டுக் கரண்டியை அங்கியில் துடைப்பதைப் பார்த்தால் குமட்டும். தெருவில் போகும்போது யார் வீட்டு இரும்புக் கேட்டாவது கண்ணில் பட்டால் போதும், நடுவழியில் நின்று, பற்றவைத்த இடத்தை விரலால் தடவி, "இது வெல்டிங்கா, கோழி எச்சமா?" என்று காறித் துப்பிவிட்டுத்தான் நகருவார். வீட்டுக்காரன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவான். இவர் தன் ஒற்றைக் கண்ணை மேலே தூக்கி, "என்னை ஏன்யா திட்டுற? செஞ்சவனைத் திட்டு" என்பார்.

கெய்ரோவில் மதாரியாப் பக்கம் அவரைத் தெரியாத இரும்பு வேலைக்காரன் கிடையாது. மாடிப்படிக்குக் கைப்பிடி போடுவதில் அவர் கை சுத்தம். உஸ்தா என்பது தொழிலில் தேறிய மேஸ்திரிக்கு ஊர் கொடுக்கும் பட்டம். அந்தப் பட்டம் இருப்பவர் வாயிலிருந்து வருவதை, கீழே வேலை செய்கிறவன் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்வான். உஸ்தா சொன்னால் சரி, சொல்லாவிட்டால் அது விஷயமே இல்லை. இருபத்தெட்டு வருடமாக அந்த மரியாதையைச் சாப்பிட்டே ஃபரஹாத் வளர்ந்திருந்தார்.

இரும்பு வெட்டும் கிரைண்டருக்கு அங்கே ராக்கெட் என்று பெயர். போடும் சத்தத்துக்கும் கக்கும் நெருப்புக்கும் யாரோ வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. டிஸ்க்கைப் பாதி மூடி நிற்கும் அரைவட்டத் தகடு இருக்கிறதே, அதை ஃபரஹாத்தின் கூட்டாளிகள் முக்காடு என்பார்கள். புது ராக்கெட் வந்தால் முதல் வேலை அந்த முக்காட்டைக் கழற்றி மூலையில் எறிவதுதான். முக்காடு போட்ட ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால், "என்னப்பா, நிக்காஹ் எப்போ?" என்று கேட்டே மானத்தை வாங்கிவிடுவார்கள்.

கழற்றுவதற்கு வெறும் வீம்பு மட்டும் காரணமில்லை. பெரிய ராக்கெட்டில் ஓடி ஓடித் தேய்ந்துபோன ஒன்பது அங்குல டிஸ்க்கை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். ஒரு பெயிண்ட் டின்னில் சேர்த்து வைப்பார்கள். நடு ஓட்டை இரண்டு மெஷினுக்கும் ஒரே அளவு என்பதால், அந்தத் தேய்ந்த வட்டைச் சின்ன ராக்கெட்டில் மாட்டி மறுபடி ஓட்டுவார்கள். முக்காடு இருந்தால் அது உள்ளே போகாது. அதனால் முக்காடு போயிற்று. தேய்ந்தது தானே, அடங்கிப் போயிருக்கும் என்று ஒரு எண்ணம். இப்படியும் ஒரு புத்தி! கேட்டால், ஆயிரம் பேர் செய்கிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்பார்கள்.

ஃபரஹாத்துக்கு ஆயிற்று. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆறாவது மாடிப் படிக்கட்டில், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்து ஒரு சில்லு இடது கண்ணில் ஏறியது. ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பதிலுக்கு ஒரு கண்ணாடிக் கண் கொடுத்தார்கள். அதன் நிறம் பச்சை. "என்னைப் பார்த்தா துருக்கிக்காரன் மாதிரியா இருக்கு?" என்று அதை அலமாரி இழுப்பறையில் போட்டவர் பிறகு எடுக்கவே இல்லை.

எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒரே பதில். "டிஸ்க் போலி. கடைக்கார நாய் ஏமாத்திட்டான்." பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அது போதவில்லை. கண் பட்டுத்தான் கண் போயிற்று என்று முடிவு செய்து, வாசலில் சாம்பிராணி போட்டுவிட்டுப் போனார்கள். ஃபரஹாத் இரண்டையும் மறுக்கவில்லை. அந்தக் கடைத்தெருப் பக்கம் போகும்போதெல்லாம் ஒருமுறை துப்புவார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கார் நிறுத்துமிடத்தில் கையாட்டும் வேலை. "வா, வா, இன்னும் வா, நில்லு" என்று நாள் முழுக்க அடுத்தவன் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. உஸ்தா ஃபரஹாத்துக்கு இப்படி ஒரு பிழைப்பு! வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். அந்தக் கையில் இரும்புத் தூளும் இல்லை, கரியும் இல்லை, கழுவ ஒன்றுமே இல்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

அப்போதுதான் மனைவி இன்ஷிராஹின் தம்பி மெத்வல்லி ஒரு வேலை கொண்டுவந்தான். கிழக்கே பாலைவனத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் புது நகரத்தில் நாலு கட்டிடம், நாலுக்கும் படிக்கட்டுக் கைப்பிடி. மின்சாரம் இன்னும் வரவில்லை, பேட்டரியில் ஓடும் ராக்கெட்டோடு வருகிறவனுக்குத்தான் வேலை என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டாராம். மெத்வல்லிக்கு முப்பத்துநாலு வயது. மச்சான் கால் வைத்த இடத்தில் கால் வைத்தே தொழில் கற்றவன். மச்சான் திட்டினால் அவனுக்குச் சாப்பாடு செரிக்கும்.

இன்ஷிராஹ் சம்மதிக்க மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை, பால்கனியில் ஃபரஹாத் புதினா டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். பால்கனியில் அவருடைய நாற்காலி, அதற்கு இடப்பக்கம் நெய் டின்னில் வளர்த்த புதினாச் செடி. தண்ணீர் வடியட்டும் என்று டின்னுக்கு அடியில் ஏதோ தகட்டை முட்டுக் கொடுத்திருந்தாள். இடப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஃபரஹாத் பார்ப்பதில்லை. கண் போனதிலிருந்து அந்தப் பக்கத்து உலகத்தையே அவர் கைகழுவிவிட்டார்.

"ரீஹாம் அப்பா, மோட்டார் சைக்கிளை வித்துட்டு நல்ல மெஷினா வாங்குங்க. ஆனா ஒன்னு சொல்லிட்டேன். கையை எடுத்தா உடனே நிக்கணும். அந்த முக்காடு இருக்கே, அது கையால கழட்ட முடியாத மாதிரி இருக்கணும்."

"அதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. எனக்கு மிச்சம் இருக்கிறது உங்க ஒரு கண்ணு. அதுவும் போச்சுன்னா நானும் பொண்ணு ரீஹாமும் உங்களைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். கழட்ட முடியாததா பாத்து வாங்குங்க."

ஒரு கண் பாக்கி. அதுதான் கணக்கு. அது ஃபரஹாத்துக்கும் நன்றாகத் தெரியும். இரவில் தூக்கம் கலைந்தால் முதலில் அந்தக் கண்ணைத்தான் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மண் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஃபரஹாத்தும் மெத்வல்லியும் இரும்புச் சாமான் விற்கும் சப்தியாக் கடைத்தெருவில் போய் இறங்கினார்கள். ஃபரஹாத்தின் கக்கத்தில் ஒன்றரை முழம் சதுரக் குழாய். மெத்வல்லிக்கு அது புரியவில்லை.

"மச்சான், கடைக்கு ஏன் இரும்பைத் தூக்கிட்டு வர்றீங்க?"

"பழக்கடைக்குப் போனா நீ தின்னு பாக்காம வாங்குவியா?"

கடைக்காரர் பெயர் ஹாஜி ஷாஹீன். வயிறு மேசைக்கு மேலே பாதி, கீழே பாதி. உட்காரச் சொன்னார், டீ சொன்னார், கேட்காமலேயே மினுமினுக்கும் ஒரு மெஷினை எடுத்து மேசையில் வைத்தார். அதன் உடம்பில் கைவிரல் அகலத்துக்கு 388 வோல்ட் என்று எழுதியிருந்தது. பெயரைப் பார்த்தால் உலகமே அறிந்த கம்பெனியின் பெயர் மாதிரி இருக்கும். நிதானமாகப் படித்தால் ஒரு எழுத்து மாறியிருக்கும்.

"முந்நூத்தி எம்பத்தெட்டு, உஸ்தா! மலையைக் கூட வெட்டலாம்."

ஃபரஹாத் பேட்டரியைக் கழற்றினார். ஒற்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சுற்றிப் பார்த்தார். உலுக்கினார்.

"ஹாஜி, இதுக்குள்ள பேட்டரிக் கட்டை எத்தனை? வரிசைக்கு அஞ்சு. அஞ்சும் சேந்தா பதினெட்டு வோல்ட், விரட்டினா இருபது. மீதி முந்நூத்தி அறுவத்தெட்டு எங்க? உங்க வயித்துக்குள்ளயா?"

மெத்வல்லி சிரிப்பை அடக்க டீயில் வாயை வைத்துச் சுட்டுக்கொண்டான். ஹாஜி அசரவில்லை.

"எழுதியிருக்கே உஸ்தா."

"போன மாசம் பக்கத்துக் கடையில இதே சனியன் மேல இருநூத்தி எம்பத்தெட்டுன்னு எழுதியிருந்துது. ரம்ஜானுக்கு முன்னாடி நூத்தி எம்பத்தெட்டு. தக்காளி விலைகூட இப்படி ஏறலையே. வாய் கூசாதா உங்களுக்கெல்லாம்? ஒரு லேபிள், ஒரே ஒரு லேபிள், இந்தத் தெருவுல உண்மை பேசுமா?"

"அட, உக்காருங்க. கனத்தைப் பாருங்க, கனத்தை! லேசான சரக்கா இது?"

கனத்தைப் பார்த்தார் ஃபரஹாத். ஆட்டினால் உள்ளே ஏதோ கட்டியாக நகர்ந்தது. கையில் தூக்கிப் பார்த்து வாங்கும் ஊர் என்று தெரிந்துகொண்டு எவனோ உள்ளே சிமெண்டை ஊற்றி அனுப்பியிருக்கிறான். அவருக்கு நெஞ்சுவரை புளித்துக்கொண்டு வந்தது. பேட்டரியை மேசையில் வைத்துவிட்டு விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மெஷினில் தள்ளு சுவிட்சு. தள்ளிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், கை தவறிக் கீழே விழுந்தாலும் தரையில் சுற்றிச் சுற்றி ஆடும். ஃபரஹாத் அதை ஓடவிட்டு, நிறுத்தி, டிஸ்க் அடங்கும்வரை வாய்விட்டு எண்ணினார். பதினாலு வரை போயிற்று. "பதினாலு எண்றதுக்குள்ள தொடை எலும்பு தெரிஞ்சிரும். எடுங்க இதை." மூன்றாவதன் பேட்டரி பத்து வெட்டுக்குள் இட்லிப் பானை மாதிரி சுட்டது. நான்காவதை அவர் கையில்கூட எடுக்கவில்லை, மூடியைத் திறந்ததுமே வந்த பிளாஸ்டிக் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வெட்டிப் பார்த்ததெல்லாம் கடை வாசலில்தான். குழாயைக் காலுக்கடியில் மிதித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெட்டினார். நெருப்புப் பொறி நடைபாதை முழுக்கப் பறந்தது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய ஒருவர் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்தார். "யா உஸ்தா, மெஷின் வாங்க வந்தியா, என் கடைக்கு நெருப்பு வைக்க வந்தியா?" என்று ஹாஜி ஷாஹீன் மேசைக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

"நல்லதா ஒன்னு எடுத்துக் குடுத்தா நான் ஏன்யா இங்க நிக்கிறேன்?"

ஹாஜி பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போனார். தூசி படிந்த ஒரு பெட்டியோடு வந்தார். அதன்மேல் வெறும் பதினெட்டு என்று எழுதியிருந்தது. பதினெட்டு! அந்தத் தெருவிலேயே யாரும் சீண்டாத எண். அடியில் அமுக்கு சுவிட்சு, கையை எடுத்தால் அணையும். மோட்டாருக்குள் தேய்கிற கார்பன் துண்டு கிடையாது, மாற்றும் வேலை இல்லை. ஃபரஹாத் ஓடவிட்டுக் கையை எடுத்தார். ஒன்று, இரண்டு. நின்றுவிட்டது. முக்காட்டைப் பிடித்துத் திருகினார். பக்கவாட்டில் நகர்ந்ததே தவிரக் கழன்று வரவில்லை, உள்ளே ஒரு பல் அதைப் பிடித்திருந்தது. மறுபடி திருகினார். வரவில்லை. குழாயில் இருபத்திரண்டு வெட்டு வெட்டினார். பேட்டரி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"இதை ஏன் முதல்லயே காட்டலை?"

"யாரு வாங்குறா உஸ்தா? பதினெட்டுன்னா சின்னப் பிள்ளை வெளையாடறதான்னு கேக்கறானுங்க."

ஃபரஹாத் பணத்தை எண்ணி வைத்தார். மோட்டார் சைக்கிள் விற்ற பணத்தில் முக்கால்வாசி போயிற்று. வெளியே வந்து, வழக்கம் போலக் கடைத்தெருவைப் பார்த்து ஒருமுறை துப்பினார். "பொய்க்காரப் பயலுக, ஒருத்தன் வாயிலயாவது நெசம் வருதா பாரு" என்றார். மெத்வல்லியும் மரியாதையாகத் துப்பினான்.

கட்டிடத்தைச் சேரும்போது உச்சி வெயில். ஐந்தாவது மாடியில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு ரொட்டியும் ஊறுகாயும் தின்றார்கள். கைப்பிடிக்கான குழாய்கள் கீழே லாரியில் இருந்தன. வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டு வாங்க ஃபரஹாத் இறங்கிப் போனார். அந்த வாட்ச்மேனுக்கு எழுத வராது, ஆனால் அதிகாரம் மட்டும் நன்றாக வரும். குழாயை ஒவ்வொன்றாக எண்ணி, நடுவில் மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அரைமணி நேரம் தொலைந்தது.

மேலே ஏறும்போது நாலாவது மாடியிலேயே சத்தம் கேட்டது. ராக்கெட் ஓடுகிற சத்தம். ஃபரஹாத்தின் காதுக்கு அதில் ஏதோ ஒன்று பிசகியது. சின்ன டிஸ்க் இரும்பைத் தொட்டால் கீச்சென்று கத்தும். இது அடித்தொண்டையில் உறுமியது.

மெத்வல்லி குந்தி உட்கார்ந்து, கடைக்குக் கொண்டுபோன குழாயில் மிஞ்சியதை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு இவர் பக்கம். கண்ணில் கண்ணாடி இல்லை. புது ராக்கெட்டில் முக்காடு இல்லை. அதைப் பிடித்திருந்த பல்லை உளியும் சுத்தியலும் வைத்து உடைத்து எடுத்திருக்கிறான், வெள்ளி மாதிரி ஒரு துணுக்கு தரையில் கிடந்தது. டிஸ்க் இருந்த இடத்தில், அவன் கொண்டுவந்த பெயிண்ட் டின்னிலிருந்து எடுத்த பெரிய ராக்கெட்டின் தேய்ந்த வட்டு. அமுக்கு சுவிட்சைச் சுற்றிக் கறுப்பு டேப், கையை எடுத்தாலும் அணையாதபடி நாலு சுற்று.

காலையிலிருந்து ஃபரஹாத் சகித்துக்கொண்ட அத்தனை அசிங்கமும் திரண்டு அங்கே குந்தி உட்கார்ந்திருந்தது. "டேய்!" என்று கத்தினார். இரைச்சலில் கேட்கவில்லை. பின்னாலேயே போய், குனிந்து, மெஷினின் வாலில் இருந்த பேட்டரியின் பொத்தானை அமுக்கி வெடுக்கென்று உருவினார்.

மோட்டார் அணைந்தது. டிஸ்க் அணையவில்லை. கடையில் இரண்டே எண்ணிக்கையில் நின்ற மெஷின் அது. கையை எடுத்ததும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தியது பேட்டரியின் மின்சாரம்தான், அந்தப் பேட்டரியை இப்போது இவர் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. பின்னாலிருந்து யாரோ இழுக்கிறார்களே என்று மெத்வல்லி மெஷினோடு திரும்பினான்.

"என்ன மச்சான்?"

"திரும்பாதடா!"

திரும்பிவிட்டான். தேய்ந்த வட்டு சுற்றிக்கொண்டே ஃபரஹாத்தின் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. பின்னால் போக இடமில்லை, கைப்பிடி இல்லாத படிக்கட்டு, ஐந்து மாடி ஆழம். அவர் வலது கண்ணை இறுக மூடிக்கொண்டார். உலகம் முழுவதும் இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில் வாய் தன்பாட்டுக்கு எண்ணியது. "மூணு. நாலு. அசையாத. அஞ்சு. கையை அப்படியே வை. ஆறு." பதின்மூன்றில் சத்தம் அடங்கியது. அவர் கண்ணைத் திறந்தார்.

மெத்வல்லியின் முகத்தில் பெருமை வழிந்துகொண்டிருந்தது. அதுதான் சகிக்கவில்லை.

"எல்லாம் ரெடி பண்ணி வச்சிட்டேன் மச்சான்! முக்காடு ரொம்ப முரண்டு பிடிச்சுது, உளி வச்சாத்தான் வந்துது. சுவிட்சை அமுக்கி அமுக்கி உங்களுக்கு விரல் வலிக்குமேன்னு டேப்பும் போட்டுட்டேன்."

"அறிவு இருக்காடா உனக்கு? பன்னாடை! சோத்தைத் தின்றியா, சாணியைத் தின்றியா? இதுக்காடா நான் அந்தத் தெருவெல்லாம் நாயா அலைஞ்சு வாங்கினேன்?"

"நான் என்ன தப்பு பண்ணினேன் மச்சான்?" அவன் நிஜமாகவே கேட்டான். "எப்பவும் செய்யறதுதானே? நீங்க செய்யறதைப் பாத்துத்தானே நான் கத்துக்கிட்டேன்?"

"என் கண்ணு போனதைப் பாத்தியே! அப்பவும் உறைக்கலையா?"

"அது போலி டிஸ்க்குன்னாலதானே போச்சு? நீங்கதானே சொன்னீங்க. அதான் நான் பாத்து எடுத்தேன். இது நல்ல கம்பெனி டிஸ்க். நம்ம டின்னுல இருந்ததுலயே நல்லது."

ஃபரஹாத் அவன் கையிலிருந்து மெஷினை வாங்கி, அந்த வட்டைப் பார்த்தார். தேய்ந்து விளிம்பெல்லாம் போயிருந்தாலும் நடுவில் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. நிமிடத்துக்கு ஆறாயிரத்து அறுநூறு சுற்றுக்கு மேல் ஓட்டாதே என்று அச்சடித்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மாட்டிய வட்டிலும் இதே காகிதம், இதே எண். அந்தச் சின்ன ராக்கெட் சுற்றியது பதினோராயிரம். ஊரில் உள்ள லேபிளையெல்லாம் பொய் பொய் என்று துப்பிக்கொண்டு திரிந்தவர், நெசத்தைச் சொன்ன ஒரே லேபிளைப் படிக்கவில்லை.

தொண்டையில் ஏறியது காலையிலிருந்து வந்த அதே குமட்டல்தான். இந்த முறை துப்ப ஆள் யாரும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"டிஸ்க் போலி இல்லடா" என்றார்.

"எது?"

"என் கண்ணைப் பறிச்சது. அது நல்ல டிஸ்க்தான். இதே மாதிரி டின்னுல இருந்து எடுத்தது. முக்காட்டை நான்தான் கழட்டினேன். காலையில, ஆறாவது மாடியில, நீ டீ வாங்கப் போயிருந்தப்ப. கடைக்காரன் எந்தப் பாவமும் செய்யலை. நான் பொய் சொன்னேன். உஸ்தான்னு ஊரெல்லாம் கூப்பிடுது, நானே என் கண்ணைப் பறிச்சுக்கிட்டேன்னு எப்படிடா சொல்றது?"

மெத்வல்லி நின்றபடியே இருந்தான். மெதுவாகக் கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டான், முதலில் ஒன்று, அப்புறம் மற்றது.

அவர் போனை எடுத்து இன்ஷிராஹைக் கூப்பிட்டார். எடுத்ததுமே சொல்லிவிட்டார், தள்ளிப்போட்டால் வாய் வராது என்று தெரியும்.

"இன்ஷிராஹ், அன்னிக்கு டிஸ்க் போலி இல்ல. முக்காட்டை நான்தான் கழட்டினேன்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். அவள் அதை மூடினாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில உங்க துணியை என் கையில குடுத்தாங்க. பேண்ட் பையில அந்தத் தகடு இருந்துது, திருகாணியோட. எனக்கு அது என்னன்னே தெரியாது. நம்ம சந்து முனை வெல்டர்கிட்ட கொண்டு போய்க் காட்டினேன். இது இருந்திருந்தா கண்ணு இருந்திருக்கும்னு சொன்னான்."

"அது எங்க இப்ப?"

"புதினா டின்னுக்கு அடியில. ரெண்டு வருஷமா தினமும் அது பக்கத்துலதான் உக்காந்து டீ குடிக்கிறீங்க."

ஃபரஹாத் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "உன் தம்பிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லாமலா இருந்தேன்? கழட்டாதடா, கழட்டாதடான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இதெல்லாம் உனக்கென்ன தெரியும்க்கா, உஸ்தா சொல்லட்டும், கேக்கறேன்னான். உஸ்தாதான் கடைக்காரனைத் திட்டுறதுலயே குறியா இருந்தாரே." அவள் குரல் சட்டென்று மாறியது. "இப்ப எதுக்கு இதைச் சொல்றீங்க? அவனுக்கு என்ன ஆச்சு? ரீஹாம் அப்பா, என் தம்பிக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகலை."

"போனை அவன்கிட்ட குடுங்க."

கொடுத்தார். மெத்வல்லி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டான். அக்கா என்ன கேட்டாள் என்பது ஃபரஹாத்துக்குக் கேட்கவில்லை, அவன் சொன்னது கேட்டது.

"இருக்குக்கா. ரெண்டும் இருக்கு. சத்தியமா. இப்பத்தான் தொட்டுப் பாத்தேன்."

போன் திரும்பி வந்தபோது இன்ஷிராஹ் அழுதிருந்தாள், ஆனால் குரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அந்தத் தகட்டைக் கழுவி எடுத்து வைக்கறேன். நாளைக்கு வேலைக்குக் கொண்டு போங்க. அங்க எத்தனை ராக்கெட்டுக்காரன் இருக்கானோ அத்தனை பேர்கிட்டயும் காட்டிச் சொல்லுங்க, எங்கிட்ட இப்ப சொன்னீங்களே, அதே மாதிரி."

"அத்தனை பேர்கிட்டயுமா?"

"ஆமா. போலி டிஸ்க்குன்னு அத்தனை பேர்கிட்டயும்தானே சொன்னீங்க? அப்புறம், டின்னுக்கு முட்டுக் குடுக்க ஒரு சாண் குழாய் வெட்டிட்டு வாங்க. செடி சாஞ்சிரும்."

ஃபரஹாத் போனைச் சட்டைப் பையில் போட்டார். பல் உடைந்த ராக்கெட்டை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். மெத்வல்லி தலையைத் தூக்காமல் நின்றான்.

"பையில ஆக்சா பிளேடு இருக்கும், எடு" என்றார்.

அவன் எடுத்துக் கொடுத்தான். அவர் குழாயை முழங்காலுக்கடியில் வைத்து, ஒரு சாண் அளந்து, கையாலேயே அறுக்க ஆரம்பித்தார்.